உறுமலும் புல்லாங்குழலும்: ஓபெத் வழியே ப்ரோக்ரசிவ் மெட்டலுக்குள்

மெட்டல் என்றதும் காதைப் பொத்திக்கொள்பவர்களிடம் வழக்கமாக இரண்டு புகார்கள் இருக்கும். ஒரே இரைச்சல் என்பது ஒன்று. பாடுகிற ஆள் ஏன் இப்படித் தொண்டை கிழியக் கத்துகிறார் என்பது இன்னொன்று. ப்ரோக்ரசிவ் மெட்டலை நாலு நாள் கேட்டால் முதல் புகார் தானாகவே போய்விடும். இரண்டாவது அவ்வளவு லேசில் போகாது. அதற்கு ஸ்வீடன் நாட்டு ஓபெத் குழுவிடம்தான் போகவேண்டும். உறுமல் எங்கே வேண்டும், எங்கே வேண்டாம் என்ற ஒரே கேள்வியோடு முப்பது வருடத்துக்கும் மேலாக, பதினான்கு ஆல்பங்களாக மல்லுக்கட்டுகிறவர்கள் அவர்கள். அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனாலே இந்த இசை வகை முழுசாகப் பிடிபட்டுவிடும் என்பது என் கட்சி.

முதலில் அடிப்படை. 1960களின் கடைசியில் இங்கிலாந்தின் ராக் கலைஞர்கள் சிலருக்கு மூன்று நிமிடப் பாட்டு போதவில்லை. கிங் க்ரிம்சன், யெஸ், ஜெனிசிஸ், ஜெத்ரோ டல், கொஞ்சம் பிந்தி கேமல் என்று ஒரு கூட்டமே கிளம்பியது. ஒரு பாட்டை இருபது நிமிடம் வரை கொண்டுபோனார்கள். ஜாஸ், நாட்டார் இசை, மேற்கத்திய செவ்வியல், புல்லாங்குழல் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் உள்ளே இழுத்தார்கள். அதுதான் ப்ரோக்ரசிவ் ராக். அதே சமயத்தில் பர்மிங்ஹாமில் ப்ளாக் சாபத் குழு கனமான, இருண்ட கிதார் ரிஃப்களை வைத்து 1970இல் மெட்டலுக்கு அடித்தளம் போட்டது. (ரிஃப் என்பது திரும்பத் திரும்ப வரும் சின்ன கிதார் அடி. மெட்டல் பாட்டின் முதுகெலும்பு அதுதான்.) இரண்டு ஓடைகளும் 1980களில் ஒன்றாகக் கலந்தன. அமெரிக்காவின் க்வீன்ஸ்ரைக் 1988இல் ஒரு முழு ஆல்பத்தையும் ஒரே கதையாகச் சொன்னது. 1992இல் ட்ரீம் தியேட்டரின் ‘இமேஜஸ் அண்ட் வேர்ட்ஸ்’ வந்தபோது ப்ரோக்ரசிவ் மெட்டலுக்கென்று தனி ரசிகர்களும் தனிப் பத்திரிகைப் பக்கங்களும் சேரத் தொடங்கிவிட்டன.

இந்த வகையைப் பற்றிப் பேசினால் உடனே தாளக் கணக்கை எடுத்துவிடுவார்கள். சாதாரண ராக் பாட்டு நாலு நாலாக எண்ணிப் போகும், இவர்கள் ஐந்திலும் ஏழிலும் போவார்கள், நடுவில் மாற்றுவார்கள் என்று. உண்மைதான். ஆனால் கண்ட சாபுவும் மிஸ்ர சாபுவும் கேட்டுப் பழகிய காதுக்கு இதில் மிரள ஒன்றும் இல்லை. என்னைக் கேட்டால் ப்ரோக்ரசிவ் மெட்டலின் அடையாளம் கணக்கில் இல்லை, பாட்டின் போக்கில் இருக்கிறது. தொடங்கிய இடத்துக்குப் பாட்டு திரும்பி வந்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இங்கே கிடையாது. பல்லவிக்காகக் காத்திருந்தால் ஏமாந்துதான் போவீர்கள்.

ஓபெத் இந்த வகைக்கு வந்த வழியே வேறு. ட்ரீம் தியேட்டர் போன்றவர்கள் இசைப் பள்ளியில் படித்து, ஏறு குரலில் தெளிவாகப் பாடும் பாடகரோடு வந்தவர்கள். ஓபெத் வந்தது, உறுமல் குரலையே அடையாளமாகக் கொண்ட மெட்டலின் கடுமையான கிளையான டெத் மெட்டலிலிருந்து. 1990 வாக்கில் ஸ்டாக்ஹோம் டெத் மெட்டலின் தலைநகரங்களில் ஒன்று. என்டூம்ட், டிஸ்மெம்பர் போன்ற குழுக்கள், ரம்பம் அறுப்பது போன்ற கிதார் ஒலியோடு உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்திருந்தன. அந்தச் சூழலில்தான் டேவிட் இஸ்பெர்க் என்ற பாடகர் தன் குழுவில் பேஸ் கிதார் வாசிக்க மிகேல் ஓகர்ஃபெல்ட் என்ற பதின்ம வயதுப் பையனைக் கூப்பிட்டார். குழுவில் இருந்த மற்றவர்களிடம் சொல்லாமலே கூப்பிட்டுவிட்டார். பையன் ஒத்திகைக்கு வந்து நின்றதும் சண்டை வந்தது. இஸ்பெர்க்கும் ஓகர்ஃபெல்ட்டும் மட்டும் மிஞ்சினார்கள். 1992இல் இஸ்பெர்க்கும் போய்விட, குழுவின் குரல், கிதார், பாட்டு எழுதும் வேலை எல்லாம் ஓகர்ஃபெல்ட் தலையில் விழுந்தது. இன்றுவரை அப்படித்தான். குழுவின் பெயர், வில்பர் ஸ்மித் நாவல் ஒன்றில் வரும் நகரத்தின் பெயர்.

இனி அந்த உறுமல். நாம் பேசும்போது தொண்டையில் அதிர்வது குரல்நாண்கள். அவற்றுக்குச் சற்று மேலே இன்னொரு ஜோடி மடிப்புகள் உண்டு. டெத் மெட்டல் பாடகர்கள் பலர் அந்த மடிப்புகளையும் சேர்த்து அதிர வைத்துத்தான் உறுமுகிறார்கள். பழகியவர்களுக்கு இது கத்தல் இல்லை. மூச்சை அடக்கி விடும் பயிற்சி. இதில் ஸ்வரம் என்று சொல்லும்படி எதுவும் கேட்காது. மெட்டு போய்விடுகிறது. மிஞ்சுவது தாளமும் கனமும் மட்டும். ஆகவே உறுமல் ஒலிக்கும்போது மெட்டைச் சுமக்கிற பொறுப்பு கிதாருக்குப் போய்விடும், பாடகர் கிட்டத்தட்ட டிரம்ஸ் பக்கம் சேர்ந்துவிடுவார். பிறகு அதே ஆள் திடீரென்று தெளிந்த குரலில் ஒரு வரி பாடினால், அதுவரை பூட்டி வைத்திருந்த மெட்டு மொத்தமும் அந்த ஒரு வரியில் திறந்துகொள்ளும். ஓபெத்தின் வித்தை இதில்தான் இருக்கிறது. ஓகர்ஃபெல்ட்டின் உறுமல் இந்த வகையிலேயே மிகச் சிறந்தவற்றில் ஒன்று. அவருடைய தெளிந்த குரல் நாட்டார் பாடகருடையது போல மென்மையானது. இரண்டும் ஒரே தொண்டையிலிருந்து வருகின்றன என்பதை நம்பவே சிலருக்கு நேரம் பிடிக்கும்.

முதல் ஆல்பம் ‘ஆர்கிட்’ 1995இல் வந்தது. அட்டையில் ஒரு பூ மட்டும். மண்டையோடும் ரத்தமும் அட்டையை நிறைத்த காலத்தில் அதுவே துணிச்சல். அடுத்த வருடம் ‘மார்னிங்ரைஸ்’. ஐந்தே பாட்டு, அதில் ‘ப்ளாக் ரோஸ் இம்மார்ட்டல்’ மட்டும் இருபது நிமிடத்தைத் தாண்டும். இந்த இரண்டு ஆல்பங்களையும் தலையில் வைத்துக் கொண்டாடும் ரசிகர்கள் உண்டு. நான் அந்தக் கூட்டத்தில் இல்லை. நல்ல ரிஃப்கள் வரிசையாக வருகின்றன, ஆனால் ஒன்று ஏன் இன்னொன்றுக்குப் பின்னால் வருகிறது என்பதற்குப் பல இடங்களில் காரணம் தெரிவதில்லை.

காரணம் தெரிய ஆரம்பித்தது 1998இன் ‘மை ஆர்ம்ஸ், யுவர் ஹர்ஸ்’ ஆல்பத்தில். இறந்துபோன ஒருவனின் ஆவி, தன் காதலி தனக்காகச் சரியாகத் துக்கப்படுகிறாளா என்று சுற்றிச் சுற்றிப் பார்க்கும் கதை. அதைவிட எனக்குப் பிடித்தது அதன் கட்டுமானம். ஒரு பாட்டின் பாடல் வரிகள் எந்தச் சொல்லில் முடிகின்றனவோ, அதுவே அடுத்த பாட்டின் தலைப்பு. அந்தாதி! ஸ்டாக்ஹோம் பையன்களுக்கு அபிராமி அந்தாதி தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் ஆல்பம் முழுக்க ஒரே மூச்சில் ஓடவேண்டும் என்று நினைப்பவன் எந்த ஊரில் இருந்தாலும் இந்த உத்தியில் வந்துதான் நிற்பான் போல. டிரம்ஸுக்கு மார்ட்டின் லோபெஸ் வந்ததும் இதில்தான். அடுத்த ஆல்பத்திலிருந்து பேஸ் கிதாரில் மார்ட்டின் மெண்டெஸ். இருவருக்கும் பூர்வீகம் உருகுவே. குழுவின் தாளத்தில் ஒரு ஆட்டம், ஒரு நெளிவு சேர்ந்தது அதற்குப் பிறகுதான்.

1999இல் ‘ஸ்டில் லைஃப்’. நம்பிக்கையில்லாதவன் என்று ஊரைவிட்டு விரட்டப்பட்டவன் பல வருடம் கழித்து மெலிண்டா என்ற பெண்ணுக்காகத் திரும்பி வருகிறான். கதை நல்லபடியாக முடியவில்லை என்பதை ஊகித்திருப்பீர்கள். இங்கிலாந்தின் ப்ரோக்ரசிவ் ராக் குழுவான போர்க்குபைன் ட்ரீயின் ஸ்டீவன் வில்சன் கையில் இந்த ஆல்பத்தை ஒரு பத்திரிகையாளர் கொடுத்தார். வில்சன் மெட்டல் ஆள் இல்லை. ஆனால் கேட்டுவிட்டு அவரே தொடர்புகொண்டார்.

அந்தத் தொடர்பின் விளைவு 2001இல் வந்த ‘ப்ளாக்வாட்டர் பார்க்’. ஓபெத்தின் ஒரே ஒரு ஆல்பம்தான் கேட்பேன் என்று நீங்கள் பிடிவாதம் பிடித்தால் இதைத்தான் கையில் கொடுப்பேன். தயாரிப்பாளராக வந்த வில்சன் ரிஃப்களில் பெரிதாகக் கை வைக்கவில்லை. அவர் கவனம் குரலிலும் ஒலியின் ஆழத்திலும் இருந்தது. அடுக்கடுக்காகப் பதிவான தெளிந்த குரல்கள், பின்னால் லேசாகக் கேட்கும் பியானோ, தூரத்தில் தேய்ந்து போகும் கிதார் எல்லாம் அந்தக் கவனத்தின் பலன். ‘ப்ளீக்’ பாட்டில் அவர் குரலே கேட்கும். ஆல்பத்தின் முதல் பாட்டு ‘த லெப்பர் அஃபினிட்டி’ தூரத்தில் எதுவோ கிளம்பி வருவதுபோல மெல்லப் பெருகி, வெடித்து, பத்து நிமிடம் அலைக்கழித்துவிட்டுக் கடைசியில் தனிப் பியானோவில் போய் அடங்கும். உடனே அடுத்த பாட்டு மறுபடி கனத்தோடு வரும். ஐந்து வருடத்துக்கு முன் ‘மார்னிங்ரைஸ்’ செய்ய முயன்றதை இங்கே எந்தத் தையலும் தெரியாமல் செய்துவிட்டார்கள்.

அடுத்து நடந்தது இன்னும் சுவாரசியம். கட்டாத்தோனியா குழுவின் யோனஸ் ரென்க்ஸே ஓகர்ஃபெல்ட்டின் பழைய நண்பர். 1996இல் அவரால் உறுமமுடியாமல் போனபோது, கட்டாத்தோனியாவின் ஆல்பத்தில் அவருக்காக உறுமிக் கொடுத்தவரே ஓகர்ஃபெல்ட்தான். அந்த நண்பர் ஒரு யோசனை சொன்னார்: ஒரு ஆல்பம் முழுக்கக் கனம், இன்னொரு ஆல்பம் முழுக்க மென்மை என்று பிரித்துவிட்டால் என்ன? இரண்டையும் ஒன்றாகவே பதிவு செய்தார்கள். 2002 நவம்பரில் ‘டெலிவரன்ஸ்’ வந்தது. 2003 ஏப்ரலில் ‘டாம்னேஷன்’.

‘டெலிவரன்ஸ்’ ஆல்பத்தின் தலைப்புப் பாட்டு பதின்மூன்றரை நிமிடம். அதன் கடைசிப் பகுதியைச் சொல்லாமல் போகமுடியாது. பாடல் வரிகளெல்லாம் முடிந்துவிடும். கிதாரும், இரண்டு கால்களாலும் மிதித்து அடிக்கும் டபுள் பேஸ் டிரம்ஸும் ஒரே ரிஃபில் பூட்டிக்கொண்டு, விட்டு விட்டு, இடறி இடறி, நிமிடக்கணக்கில் போய்க்கொண்டே இருக்கும். முதலில் தாளம் எங்கே விழுகிறது என்று தேடுவீர்கள். அப்புறம் தேடுவதை விட்டுவிட்டுத் தலையாட்ட ஆரம்பிப்பீர்கள். இந்த ஆல்பம் ஸ்வீடனின் கிராமிஸ் விருதையும் வாங்கித் தந்தது.

‘டாம்னேஷன்’ இதற்கு நேரெதிர். உறுமல் கிடையாது, டிஸ்டார்ஷன் (மெட்டல் கிதாரின் அந்தக் கரகரத்த ஒலி) கிட்டத்தட்டக் கிடையாது. எங்கும் மெல்லோட்ரான். 1960களின் இந்த விசைப்பலகைக் கருவியில் ஒவ்வொரு கட்டைக்கும் பின்னால் ஒரு காந்த நாடா இருக்கும். கட்டையை அழுத்தினால் அந்த நாடாவில் பதிந்திருக்கும் புல்லாங்குழலோ வயலினோ சுமார் எட்டு விநாடி ஒலிக்கும். நாடா என்பதால் சுருதி லேசாக நடுங்கும். அந்த நடுக்கம்தான் இந்த ஆல்பத்தின் சோகம். ‘விண்டோபேன்’ பாட்டைக் கேட்டுவிட்டு இது மெட்டல் குழு என்று சொன்னால் உங்கள் வீட்டில் யாரும் நம்பமாட்டார்கள்.

2005இல் ‘கோஸ்ட் ரெவரீஸ்’. பெர் வீபெர்க் கீபோர்டு கலைஞராக முழுநேரம் சேர்ந்த ஆல்பம். இதன் முதல் பாட்டு ‘கோஸ்ட் ஆஃப் பெர்டிஷன்’ நான் மேலே சொன்ன வித்தைக்குச் சரியான பாடம். எடுத்தவுடன் டிஸ்டார்ஷன் இல்லாத கிதாரில் இரண்டொரு மென்மையான ஒலிகள், சில விநாடிதான். சரி, அமைதியான பாட்டு என்று உட்காரும்போதே மொத்தக் குழுவும் உறுமலும் ஒன்றாகத் தலையில் இறங்கும். அந்த முதல் அதிர்ச்சி தணிவதற்குள் தெளிந்த குரல் நுழைகிறது. அதற்கடியில் ரிஃப் அதே கனத்தோடு ஓடுகிறது. அப்புறம் எல்லாம் விலகி, அக்கூஸ்டிக் கிதாரும் மெல்லிய குரலும் மட்டும் நிற்கும் ஓர் இடம். அங்கே நீங்கள் உறுமலுக்காகக் காத்திருக்க ஆரம்பித்துவிடுவீர்கள். ஐந்து நிமிடத்துக்கு முன் பயமுறுத்திய குரல் இப்போது வந்தால் நன்றாயிருக்குமே என்று தோன்றும். அப்படித் தோன்றிவிட்டால் கேள்வியின் பாதிக்குப் பதில் கிடைத்துவிட்டது.

இதற்குப் பிறகு ஆட்கள் மாறினார்கள். உடல்நிலை காரணமாக 2006இல் லோபெஸ் விலக, மார்ட்டின் ஆக்ஸன்ரோட் வந்தார். பழைய கிதார் கலைஞர் பீட்டர் லிண்ட்கிரேன் 2007இல் போக, ஃப்ரெட்ரிக் ஓகசன் வந்தார். 2008இன் ‘வாட்டர்ஷெட்’ அமெரிக்காவின் பில்போர்டு 200 பட்டியலில் 23ஆவது இடத்தில் நுழைந்தது. பத்து நிமிடப் பாட்டுப் பாடும் குழுவுக்கு அது பெரிய விஷயம். அதிலுள்ள ‘பர்டன்’ பாட்டின் முடிவைக் கவனியுங்கள். ஒருவர் கிதார் வாசித்துக்கொண்டிருக்க, இன்னொருவர் அதே கிதாரின் முறுக்காணிகளைத் திருகித் தந்திகளைத் தளர்த்திக்கொண்டே போகிறார். அழகான மெட்டு கண்முன்னே உருகி அபஸ்வரமாகிவிடும். கடைசியில் ஒரு சிரிப்பு. இந்தக் காலகட்டத்தில்தான், 2009இல், ஐஐடி மெட்ராஸின் சாரங் விழாவில் ஓபெத் வாசித்தது. சென்னையின் மெட்டல் ரசிகர்களிடம் பேச்சுக் கொடுத்தால் இந்தக் கச்சேரி எப்படியும் வந்துவிடும்.

பிறகு 2011. ‘ஹெரிடேஜ்’ வந்தது. உறுமல் அறவே இல்லை. ‘டாம்னேஷன்’ போல ஒரு தடவைச் சோதனையும் இல்லை. இனிமேல் இப்படித்தான் என்று ஓகர்ஃபெல்ட் சொல்லாமல் சொல்லிவிட்டார். 1970களின் ராக், ஜாஸ், புல்லாங்குழல் எல்லாம் உண்டு. டெத் மெட்டல் மட்டும் இல்லை. அட்டைப் படத்தில் ஒரு மரம், அதில் பழங்களுக்குப் பதிலாகக் குழுவினரின் தலைகள். விலகிப் போகும் பெர் வீபெர்க்கின் தலை மட்டும் மரத்திலிருந்து விழுந்துகொண்டிருக்கிறது. அந்த ஆல்பத்தோடு கிளம்பிய சுற்றுப்பயணத்தின் தொடக்கத்தில் உறுமல் உள்ள பழைய பாட்டுகளையும் ஒதுக்கி வைத்தார்கள். ரசிகர்கள் இரண்டாகப் பிளந்தார்கள். ஓகர்ஃபெல்ட் காசுக்காகத் தன் இசையை விற்றுவிட்டார் என்றது ஒரு தரப்பு. எனக்கு அது விசித்திரமாகப் பட்டது. காசு பார்க்க நினைக்கிறவர் 1970களின் ஜாஸ் ராக் பக்கம் போவாரா?

ஆனால் ஆல்பமாக ‘ஹெரிடேஜ்’ தடுமாறுகிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கனத்தை எடுத்துவிட்டார்கள், அந்த இடத்தில் எதை வைப்பது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. யோகிம் ஸ்வால்பெர்க் கீபோர்டுக்கு வந்தபின் 2014இன் ‘பேல் கம்யூனியன்’ தேவலை. 2016இன் ‘சார்சரெஸ்’ பற்றிச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. 2019இன் ‘இன் காடா வெனெனம்’தான் உறுமல் இல்லாத காலத்தின் உச்சம். ஒரே ஆல்பத்தை ஸ்வீடிஷில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று என்று இரண்டாக வெளியிட்டார்கள். மொழி தெரியாவிட்டாலும் ஸ்வீடிஷில் கேளுங்கள். ஓகர்ஃபெல்ட்டின் குரல் தாய்மொழியில் இன்னும் இயல்பாக உட்கார்ந்திருக்கிறது.

உறுமல் இனி இல்லை என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்ட நேரத்தில், 2024 நவம்பரில், ‘த லாஸ்ட் வில் அண்ட் டெஸ்டமென்ட்’. ‘வாட்டர்ஷெட்’டுக்குப் பின் பதினாறு வருடம் கழித்து உறுமல் திரும்பிவிட்டது. முதல் உலகப் போர் முடிந்த காலம். பணக்காரக் குடும்பத்தின் தலைவர் இறந்துபோக, அவர் பிள்ளைகள் கூடியிருக்க, உயில் வாசிக்கப்படுகிறது. வாசிக்க வாசிக்க ரகசியங்கள் வெளியே வருகின்றன. ஏழு பாட்டுகளுக்குப் பெயரே கிடையாது, உயிலின் பத்தி எண்கள்தான் தலைப்பு. எட்டாவதுக்கு மட்டும் பெயர் உண்டு. அதில் வரும் திருப்பத்தை நான் சொல்லப்போவதில்லை. ஜெத்ரோ டல் குழுவின் இயன் ஆண்டர்சன் வந்து புல்லாங்குழல் வாசித்துக் கதை சொல்லியாகவும் பேசியிருக்கிறார். 1960களில் ப்ரோக்ரசிவ் ராக்கைத் தொடங்கி வைத்தவர்களில் ஒருவரின் புல்லாங்குழல், அதற்குப் பக்கத்திலேயே டெத் மெட்டல் உறுமல். புது டிரம்ஸ் கலைஞர், பின்லாந்தின் வால்ட்டெரி வேய்ருனென், இரண்டுக்கும் இடையே கண்ணாமூச்சி ஆடுகிறார். இங்கே உறுமல் வெறும் பழக்கதோஷமாக வரவில்லை. செத்தும் வீட்டை ஆட்டிப்படைக்கும் அந்த மனிதரின் குரலாகத்தான் அது என் காதில் விழுகிறது. கேட்பவரை உலுக்குவதற்காக வந்த குரல், இப்போது ஒரு பாத்திரத்தின் குரலாகிவிட்டது.

சரி, எங்கிருந்து தொடங்குவது? வெளியான வரிசையில் கேட்காதீர்கள். ‘ஆர்கிட்’டில் தொடங்கி ஓடிப்போனவர்கள் அதிகம். முதலில் ‘ப்ளாக்வாட்டர் பார்க்’ ஆல்பத்தின் ‘ஹார்வெஸ்ட்’. ஆறு நிமிடம், கனமும் இல்லை, உறுமலும் இல்லை. அடுத்து ‘ஸ்டில் லைஃப்’பின் ‘ஃபேஸ் ஆஃப் மெலிண்டா’. இதில் பிற்பகுதியில் டிஸ்டார்ஷன் வரும், உறுமல் வராது. மூன்றாவதாக, மறுபடி ‘ப்ளாக்வாட்டர் பார்க்’ ஆல்பத்திலிருந்து ‘த ட்ரேப்பரி ஃபால்ஸ்’. தெளிந்த குரல் உங்களை நன்றாக உள்ளே அழைத்துக்கொண்டு போனபின்தான் உறுமல் வரும். அதைத் தாங்கிவிட்டால் ‘கோஸ்ட் ஆஃப் பெர்டிஷன்’. நாலையும் ஒரே நாளில் கேட்டு முடிக்கவேண்டியதில்லை. பாடல் வரிகளைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். உறுமலில் சொற்கள் பிடிபடாது என்பதால் மட்டும் சொல்லவில்லை. எந்தச் சொல்லுக்கு உறுமுகிறார், எந்தச் சொல்லுக்குப் பாடுகிறார் என்று பார்ப்பதே தனி சுகம்.

ஆல்பமாகக் கேட்க உட்காரும்போது ஃபோனில் ஷஃபிளை அணைத்துவிடுங்கள். குறிப்பாக ‘மை ஆர்ம்ஸ், யுவர் ஹர்ஸ்’ கேட்கும்போது. அந்தாதியைக் கலைத்துப் போட்டுப் படித்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆகும்.